நீண்ட டச்சுக் கூட்டுச்சொற்கள்: அசையை எங்கே பிரிப்பது, அழுத்தத்தை எங்கே வைப்பது?

மணல்மேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டச்சு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கான, நெதர்லாந்தின் என்.டி.2 அரசுத் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். அன்றாடப் பேச்சுக்குரிய சிறு சொற்களில் எனக்கு இடர்ப்பாடு இல்லை. அலுவலகக் கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் வரும் நீண்ட கூட்டுச்சொற்களை உரக்கப் படிக்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. எடுத்துக்காட்டாக, பணிபுரிய இயலாதவர்களுக்கான காப்பீட்டைக் குறிக்கும் ‘அர்பெய்ட்ஸ்ஒன்கஸ்கிக்ட்ஹெய்ட்ஸ்வர்ஸேகரிங்’ என்ற சொல்லில் 33 எழுத்துகள் இருக்கின்றன. அதை எங்கே மூச்சு விட்டுப் படிப்பது, எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

கூட்டுச்சொல்லில் முதலில்தான் அழுத்தம் வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வரித்துறையைக் குறிக்கும் ‘பலஸ்டிங்டீன்ஸ்ட்’ என்ற சொல்லை டச்சுக்காரர்கள் சொல்லும்போது முதல் அசையான ‘ப’ காதில் விழுவதே இல்லை. இரண்டாவது அசைதான் ஓங்கி ஒலிக்கிறது. அப்படியானால் அந்த விதியை எப்படிப் புரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடதிசை எழுதியது:

மணல்மேடு அவர்களே, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. விதி ‘முதல் அசை’ என்று சொல்லவில்லை, ‘முதல் பகுதி’ என்று சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு இடுகிறேன். பகுதிகள் சேரும் பொருத்தில் கூட்டல் குறி இடுகிறேன். முதன்மை அழுத்தம் பெறும் அசையைச் சதுர அடைப்புக்குள் வைக்கிறேன். தொண்டையில் உரசி வரும் டச்சு ஒலியையும் ககரத்தால்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பலஸ்டிங்’ என்றால் வரி, ‘டீன்ஸ்ட்’ என்றால் பணி அல்லது துறை. ‘பலஸ்டிங்’ தனியாக வரும்போதே ப-[லஸ்]-டிங் என்று இரண்டாம் அசையில்தான் அழுத்தம் பெறுகிறது, ஏனெனில் ‘ப’ என்பது முன்னொட்டு. ப, க, வர் என்று ஒலிக்கும் மூன்று முன்னொட்டுகளிலும் இருப்பது மங்கிய உயிர், அதாவது தெளிவின்றிக் குறுகி ஒலிக்கும் உயிரொலி. டச்சு மொழியில் மங்கிய உயிர் அழுத்தம் தாங்குவதில்லை. கூட்டுச்சொல் உருவாகும்போது முதற்பகுதி தன் சொந்த அழுத்தத்தைத் தன் சொந்த இடத்திலேயே வைத்துக்கொள்கிறது. அந்த அழுத்தமே முழுச்சொல்லின் முதன்மை அழுத்தமாக உயர்கிறது. பின்வரும் பகுதிகளின் அழுத்தங்கள் அழிந்துபோகாமல் துணை அழுத்தங்களாகத் தாழ்கின்றன. ஆகவே ப-[லஸ்]-டிங்+டீன்ஸ்ட் என்று வருகிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் சொல் பல்கலைக்கழக நூலகத்துக்கானது. யூ-னி-வெர்-ஸி-[டெய்ட்ஸ்]+பி-ப்லி-ஓ-டேக் என்று ஒன்பது அசைகள். முதன்மை அழுத்தம் ஐந்தாவது அசையில் விழுகிறது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் முதற்பகுதி தன் கடைசி அசையில் அழுத்தம் பெறும் சொல் என்பதே இதற்குக் காரணம். பகுக்க முடியாத தனிச்சொல்லில் டச்சு அழுத்தம் பொதுவாகக் கடைசி மூன்று அசைகளுக்குள்தான் விழும். கூட்டுச்சொல்லில் அந்த எல்லை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பொருந்துகிறது. முழுச்சொல்லின் முடிவிலிருந்து பார்த்தால் அழுத்தம் மிகத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். பகுதிக்குள் பார்த்தால் அது எப்போதும்போல் முடிவுக்கு அருகில்தான் இருக்கிறது.

உங்கள் காப்பீட்டுச் சொல்லுக்கு வருவோம். [அர்]-பெய்ட்ஸ்+ஒன்-க-ஸ்கிக்ட்-ஹெய்ட்ஸ்+வர்-ஸே-க-ரிங் என்று பத்து அசைகள். ‘அர்பெய்ட்’ என்றால் வேலை. அதன் முதல் அசையில் முதன்மை அழுத்தம். ‘ஒன்’ அசையிலும் ‘ஸே’ அசையிலும் துணை அழுத்தங்கள். படிக்கும்போது முதற்பகுதியை முழு வலுவோடு சொல்லிவிட்டு, மற்ற இரண்டு பகுதிகளையும் தாழ்ந்த குரலில், ஆனால் அவற்றின் சந்தம் கெடாமல் சொல்லுங்கள். எல்லா அசைகளுக்கும் ஒரே வலு கொடுப்பதுதான் நம்மவர்கள் பேச்சைக் கேட்பவருக்குப் புரியாமல் செய்கிறது. ஒலிகளை ஓரளவு பிசகாகச் சொன்னாலும் அழுத்தம் சரியாக இருந்தால் டச்சுக்காரர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பெயரில் 1966-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 1967 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முழுப்பெயரைப் பேச்சில் கேட்பது அரிது. ‘வே-ஆ-[ஓ]’ என்ற எழுத்துச் சுருக்கத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லும் சுருக்கங்களில் அழுத்தம் கடைசி எழுத்துக்குப் போய்விடும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம் எழுதியது:

வடதிசை ஐயா அழுத்தத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அசைப் பிரிப்பில் நம் தாய்மொழிப் பழக்கம் எப்படிக் குறுக்கே நிற்கிறது என்பதை நான் சேர்க்க விரும்புகிறேன். (செய்யுளிலக்கணத்தின் நேரசை, நிரையசை இங்கே பேசப்படவில்லை, ஓர் உயிரை மையமாகக் கொண்ட ஒலிக்கூறையே அசை என்கிறோம்.)

தமிழில் மெய்யில் முடியும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால், உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு. பால், ஆடை என்ற இரண்டும் சேர்ந்தால் பா-லா-டை என்றுதான் நம் வாய் பிரிக்கும். லகரம் எந்தச் சொல்லுக்கு உரியது என்பதை நாம் பொருட்படுத்துவதில்லை. டச்சு மொழி கூட்டுச்சொல்லின் பொருத்தில் இதற்கு இடம் தருவதில்லை. உங்கள் காப்பீட்டுச் சொல்லில் ‘பெய்ட்ஸ்’ அசையின் இறுதியில் உள்ள ஸகரத்தை நாம் அறியாமலே அடுத்த உயிரோடு சேர்த்து ‘பெய்ட்-ஸொன்’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர் ‘ஸொன்’ என்று தொடங்கும் ஏதோ ஒரு சொல்லைத் தேடித் திகைக்கிறார்.

பொருத்தில் மெய் நின்றுவிடுகிறது என்பதற்குச் செவிக்குத் தெரியும் சான்று ஒன்று உண்டு. டச்சு மொழியில் ஒரு சொல்லின் இறுதியில் வரும் குரலுள்ள மெய் குரலை இழந்துவிடும். பொன்னைக் குறிக்கும் சொல்லின் எழுத்தில் இறுதியில் இருப்பது நம் ‘வண்டி’யில் ஒலிக்கும் மென்மையான டகரம், ஆனால் தனியாகச் சொல்லும்போது அது ‘பட்டு’வில் ஒலிக்கும் வலிய டகரமாகிறது. பொன்னாலான என்ற பொருளில் ‘அன்’ என்னும் ஈறு சேரும்போது மெய் அடுத்த அசைக்குப் போய் மீண்டும் மென்மையாகிறது: [கௌ]-டன். பாறையில் ஓடும் பொன்ரேகையைக் குறிக்கும் கூட்டுச்சொல்லில் இரண்டாம் பகுதி உயிரில்தான் தொடங்குகிறது. இருந்தும் அங்கே வலிய டகரமே ஒலிக்கிறது: [கௌட்]+ஆ-டர். எவ்வளவு விரைவாகப் பேசினாலும் அந்த மெய் மென்மையாவதில்லை. பேசுபவரின் மனத்தில் பொருத்து இருக்கும் இடத்தை இந்த ஒரு மெய்யே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஈறு சேர்வதும் சொல் சேர்வதும் வேறு என்பதைக் கலை தொடர்பான சொற்களிலும் காணலாம். கலைஞர் என்ற சொல் கன்-ஸ்ட-னார் என்று பிரியும், ஏனெனில் ‘கன்ஸ்ட்’ என்பதோடு உயிரில் தொடங்கும் ஈறு சேர்ந்திருக்கிறது. கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லோ கன்ஸ்ட்+அ-கா-டே-மீ என்று நிற்கும். ஸகரமும் டகரமும் பொருத்தைத் தாண்டுவதில்லை.

மணல்மேடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பொன்ரேகைச் சொல்லை ஒலிப்பதிவில் கேட்டுப் பார்த்தேன். நெய்தல்நிலம் அக்கா சொன்ன வலிய டகரம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எனக்கு ஓர் ஐயம். பொருத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இவை எல்லாம் செல்லும். முன்பின் அறியாத சொல்லில் பொருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டச்சுக்காரர்களே தடுமாறும் சொற்கள் உண்டா?

வடதிசை எழுதியது:

உண்டு, அவை மிகவும் பயனுள்ள பாடங்கள். நான்கு சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்தில் ஒரே வடிவம் கொண்ட ‘டெய்க்ரம்ப்’. [டெய்க்]+ரம்ப் என்று பிரித்தால் அணைக்கரை உடைந்து நேரும் பேரழிவு. [டெய்]+க்ரம்ப் என்று பிரித்தால் தொடையில் ஏற்படும் தசைப்பிடிப்பு. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான்; ககரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. 1953 ஜனவரி 31 இரவும் பிப்ரவரி 1 அன்றும் கடல் பொங்கி ஸேலாந்துப் பகுதியின் கரைகள் உடைந்து, நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அந்தப் பேரழிவை இன்றுவரை [வா]-டர்ஸ்-நோட்+ரம்ப் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அறிந்தவர்கள் ‘டெய்க்ரம்ப்’ என்பதைக் கண்டால் கரையுடைப்பையே முதலில் எண்ணுவார்கள்.

இரண்டாவது, ‘க்வர்ட்ஸ்லாகன்’. [க்வர்ட்]+ஸ்லா-கன் என்றால் கால்பங்குச் சுற்றுகள். [க்வர்ட்ஸ்]+லா-கன் என்றால் படிகக்கல் அடுக்குகள். இங்கும் அழுத்தம் ஒன்றே. ஸகரம் இடம் மாறுகிறது.

மூன்றாவது இதற்கு நேர்மாறானது. எழுத்தில் மஸ்-ஸா-க-பெட் என்று ஒரே வகையில் பிரியும் ஒரு சொல், பொருத்து மாறும்போது அழுத்தத்தையும் ஒலியையும் மாற்றிக்கொள்கிறது. பெருந்திரளைக் குறிக்கும் ‘மஸ்ஸா’வும் தொழுகையைக் குறிக்கும் ‘கபெட்’டும் சேர்ந்தால் [மஸ்]-ஸா+க-பெட், அதாவது திரளானோர் கூடிச் செய்யும் தொழுகை. உடலைப் பிடித்துவிடும் மசாஜும் கட்டிலைக் குறிக்கும் ‘பெட்’டும் சேர்ந்தால் மஸ்-[ஸா]-ஷ+பெட். மசாஜ் பிரெஞ்சு வழியாக வந்த சொல் என்பதால் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது. ககரம் எழுதப்பட்ட இடத்தில் பிரெஞ்சு ஒலி வருகிறது. எழுத்தும் ஒன்று, அசைக்கோடும் ஒன்று. பொருத்து மட்டும் வேறு.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. [கெர்ஸ்]+டோ-மாட்-ய என்றால் செர்ரித் தக்காளி. [கெர்ஸ்ட்]+ஓ-மாட்-ய என்றால் கிறிஸ்துமஸ் பாட்டியம்மா. கடைகளில் நாள்தோறும் காணும் சொல் தக்காளிதான். ஆனால் வரி முறியும் இடத்தில் இந்தச் சொல் என்ன ஆகும் என்பதை அச்சுத்துறையில் இருக்கும் நண்பர் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பொருத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். சொல்லை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசிப் பகுதிதான் ‘இது என்ன பொருள்’ என்பதைச் சொல்லும். காப்பீடா, துறையா, நூலகமா என்று அது காட்டிவிடும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பல சொற்களின் பொருத்தில் ஸகரமோ ‘அன்’ என்ற ஒட்டோ இருக்கும். இந்த இணைப்பொலிகள் எப்போதும் இடப்பக்கத்துச் சொல்லுக்கே உரியவை. ‘பெய்ட்ஸ்’, ‘ஹெய்ட்ஸ்’, ‘டெய்ட்ஸ்’ என்று மேலே வந்த மூன்று இடங்களிலும் ஸகரம் இடப்பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

அச்சுப்படி எழுதியது:

வடதிசை அண்ணன் அழைத்ததால் வந்தேன். டச்சு நூல்களைப் பக்கம் அமைப்பது என் பிழைப்பு.

செர்ரித் தக்காளியில் தக்காளியின் பெயர் ‘டோமாட்’. சிறுமை ஈறு ‘ய’ மட்டும். ஆகவே வரி முறியும்போது எழுத்து எதுவும் மாறாது. பாட்டியின் பெயர் ‘ஓமா’. அதற்குச் சிறுமை ஈறு ‘ட்ய’. ஈறு சேரும்போது ஆகாரத்தின் நெடுமையைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். வரி அந்த இடத்தில் முறிந்தால் இரட்டிப்புக்குத் தேவை போய்விடுகிறது; ஒரு ஆகாரம் நீங்கி, ‘ஓமா’ மேல் வரியிலும் ‘ட்ய’ கீழ் வரியிலும் நிற்கும். ஒரே எழுத்துகளால் ஆன இரண்டு சொற்களில் ஒன்று முறியும்போது ஓர் எழுத்தை இழக்கிறது, மற்றது இழப்பதில்லை. எந்தக் கணினி நிரலும் பொருள் அறியாமல் இதைச் சரியாகச் செய்ய இயலாது.

உயிர்மேல் இரட்டைப் புள்ளியும் இப்படித்தான். கடலின் பன்மையான ‘ஸே-அன்’ என்பதில் ஈற்றுயிர் தனி அசை என்று காட்ட இரட்டைப் புள்ளி இடுவார்கள். வரி அங்கே முறிந்தால் புள்ளிகள் மறைந்துவிடும். கூட்டுச்சொல்லின் பொருத்தில் இரண்டு உயிர்கள் மோதிக் குழப்பம் தந்தால் புள்ளி இடுவதில்லை, இணைக்கோடு இடுகிறார்கள். கடல்முள்ளெலியைக் குறிக்கும் [ஸே]+ஏ-கல் அப்படி எழுதப்படுகிறது. படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி: இரட்டைப் புள்ளி கண்டால் அது பெரும்பாலும் பொருத்து அன்று, இணைக்கோடு கண்டால் பொருத்து.

பகுதிக்குள் முறிக்கும் விதிகள் எளியவை. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது வலப்பக்கம் போகும். இரண்டு இருந்தால் ஆளுக்கொன்று. அதற்கு மேல் இருந்தால் டச்சுச் சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடிய அளவுக்கு மெய்கள் வலப்பக்கம் போகும். சாளரம் ‘வென்-ஸ்டர்’ என்று பிரிவது அதனால்தான். ஒற்றை எழுத்தை மட்டும் வரியின் ஓரத்தில் தனியே விடக் கூடாது. பொருத்து இருக்கும் இடத்தில் இந்த எண்ணிக்கைகள் செல்லா. அங்கே பொருத்தே விதி.

டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக ஃப்ராங்க்ளின் லியாங் 1983-இல் தம் ஆய்வேட்டில் வகுத்த வழிமுறை எழுத்துத் தொடர்களின் வடிவத்தை வைத்து முறிக்கும் இடத்தைக் கணிக்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. டச்சு மொழியில் புதிய கூட்டுச்சொற்களை யாரும் எந்நேரமும் உருவாக்கலாம் என்பதால் எந்தச் சொற்பட்டியலும் முழுமை பெறாது. எனவே ஐயத்துக்குரிய சொற்களில், வரி முறிந்தால் மட்டுமே தோன்றும் மறைகோட்டைப் பொருத்தில் கையால் இடுவதே எங்கள் வழக்கம். கைப்பேசியின் குறுகிய திரையில் இந்த வேலையைச் செய்யாமல் விட்ட பக்கங்கள் படிப்பவரை எவ்வளவு வருத்துகின்றன என்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

யாழ்க்கரை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து நெதர்லாந்தில் வாழ்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். அலுவலகத்தை எங்கள் ஊரில் முதியவர்கள் ‘கந்தோர்’ என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் வந்த டச்சுச் சொல் அது. டச்சு மொழியில் அது கன்-[டோர்], அழுத்தம் இரண்டாம் அசையில். எங்கள் வடிவத்தில் நெடில் அந்த இடத்திலேயே நிற்கிறது. இந்தச் சொல்லைக் கொண்டு வடதிசை அண்ணையின் விதியை எளிதாக மனத்தில் இருத்தலாம். அலுவலகக் கட்டடம் கன்-[டோர்]+க-பௌ. கந்தோர் முதற்பகுதி என்பதால் அதன் அழுத்தமே ஆட்சி செய்கிறது. அஞ்சலகம் [போஸ்ட்]+கன்-டோர், இங்கே கந்தோர் இரண்டாம் பகுதி என்பதால் ‘டோர்’ துணை அழுத்தமாகத் தாழ்கிறது.

நெய்தல்நிலம் எழுதியது:

யாழ்க்கரை அண்ணாவின் எடுத்துக்காட்டு மிக அருமை. விதிவிலக்குகளையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் மணல்மேடு தெருவில் இறங்கியதும் குழம்புவார்.

நகர மன்றக் கட்டடம் ஸ்டட்+[ஹௌஸ்]. நகர முதல்வர் பர்-க+[மேஸ்]-டர். இரண்டிலும் பின்பகுதியே வலுப்பெறுகிறது. இடப்பெயர்களில் இது பெருவழக்கு: ஆம்-ஸ்டர்-[டாம்], ராட்-டர்-[டாம்], நோர்ட்-[ஸே]. ஆம்ஸ்டர்டாம் தெருப்பெயர்களில் ஒழுங்கு ஒன்று தெரிகிறது. ‘ஸ்ட்ராட்’ என்று முடியும் தெருக்களில் அழுத்தம் முன்னால்: [கல்]-வர்+ஸ்ட்ராட். ‘க்ரக்ட்’ என்று முடியும் கால்வாய்களில் பின்னால்: ப்ரின்-ஸன்+[க்ரக்ட்], கெய்-ஸர்ஸ்+[க்ரக்ட்]. ஃபொன்-டல்+[பார்க்] என்ற பூங்காவும் அப்படியே. இவற்றை விதியிலிருந்து வருவிக்க முயலாமல், நிறுத்தங்களில் வரும் அறிவிப்புகளைச் செவிகொடுத்துக் கேட்டு மனப்பாடம் செய்வதே மேல்.

இன்னொரு வகை, முதற்பகுதியே ஒரு சொற்றொடராக இருப்பது. நெடுந்தொலைவு ஓட்டக்காரரைக் குறிக்கும் சொல் லங்-அ-[அஃப்]-ஸ்டண்ட்ஸ்+லோ-பர். ‘நெடிய’ என்ற அடையில் அழுத்தம் இல்லை. ‘தொலைவு’ என்ற பெயரின் முதல் அசையில் இருக்கிறது. இது விதிவிலக்கே அன்று. ‘நெடிய தொலைவு’ என்ற தொடரைத் தனியாகச் சொன்னாலும் அழுத்தம் பெயர்ச்சொல்லில்தான் விழும். முதற்பகுதி தன் அழுத்தத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறது. இந்தச் சொல்லை இடைவெளி விட்டு இரண்டாக எழுதினால், தொலைவு ஓடும் நெட்டையான மனிதர் என்று பொருள் திரிந்துவிடும்.

வடதிசை எழுதியது:

அழுத்தத்துக்கான பயிற்சியாக டச்சுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த ஒரு நாப்புரட்டுச் சொல்லைத் தருகிறேன்: ‘ஹொட்டன்டொட்டன்டென்டன்டென்டோன்ஸ்டெல்லிங்’. முதற்பகுதி தென்னாப்பிரிக்கக் கொய்கொய் மக்களைக் குறிக்கக் குடியேற்றக்காரர்கள் வழங்கிய இழிபெயர். இன்று எந்த மனிதரையும் அப்படி அழைக்கக் கூடாது. சொல்லின் அமைப்பை மட்டும் பாருங்கள்: [ஹொட்]-டன்-டொட்-டன்+டென்-டன்+டென்-டோன்-ஸ்டெல்-லிங். நடுப்பகுதி கூடாரங்கள், கடைசிப் பகுதி கண்காட்சி.

எழுத்தில் ஒரே வடிவான ‘டென்’ இங்கே ஐந்து முறை வருகிறது. முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் மங்கிய உயிர் கொண்டவை. அழுத்தம் ஏற்க முடியாதவை. ஐந்தாவதில் முழு உயிர் இருந்தும், ‘கண்காட்சி’ என்ற சொல் தன் இரண்டாம் அசையான ‘டோன்’ மீது அழுத்தம் கொள்வதால் அதுவும் தாழ்ந்தே ஒலிக்கும். மூன்றாவது ‘டென்’ மட்டும் கூடாரத்தின் வேர் என்பதால் துணை அழுத்தம் பெறுகிறது. பொருத்துகள் இரண்டையும் அறிந்தவர் இதைத் தயங்காமல் சொல்வார். அறியாதவருக்கு ஐந்தும் ஒன்றாகவே கேட்கும்.

மணல்மேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நானாக இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள். வரித்துறைப் பணியாளர்: ப-[லஸ்]-டிங்+டீன்ஸ்ட்+மே-ட-வெர்-கர். நகர மன்றத் திடல்: [ஸ்டட்]-ஹௌஸ்+ப்லெய்ன்.

வடதிசை எழுதியது:

முதலாவது முற்றிலும் சரி. ‘டீன்ஸ்ட்’ என்பதன் இறுதி மெய்களை இடப்பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். ‘மே’ அசையில் துணை அழுத்தம் வரும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதில் முதல் அசைக்கு அழுத்தம் தந்திருக்கிறீர்கள். அக்கா சொன்னபடி நகர மன்றக் கட்டடம் தனியாக வரும்போதே ஸ்டட்-[ஹௌஸ்] என்று பின்னால் அழுத்தம் பெறும் சொல். அது ‘திடல்’ என்பதற்கு முற்பகுதியாக வரும்போதும் அந்த அழுத்தம் இடம் பெயர்வதில்லை. ஆகவே ஸ்டட்-[ஹௌஸ்]+ப்லெய்ன்.